தொடங்கும் முன்னரே ஓடும் இதயம்

சென்ற ஆண்டு எங்கள் இதயநோய்ப் புறநோயாளர் பிரிவுக்கு ஒருவர் மனைவியுடன் வந்திருந்தார். வயது 57. மூன்று மாதங்களுக்கு முன் மாரடைப்பு ஏற்பட்டு, அடைபட்ட தமனியில் ஸ்டென்ட் பொருத்தப்பட்டு, நலமுடன் வீடு திரும்பியவர். மருந்துகளைத் தவறாமல் உட்கொண்டார். நாள்தோறும் அரை மணி நேரம் நடந்தார். புகைப்பழக்கத்தை முற்றிலும் விட்டிருந்தார். பரிசோதனை முடிந்து எழும் வேளையில் தயக்கத்தோடு ஒரு கேள்வி கேட்டார். அவருடைய மகன் மோட்டார் சைக்கிள் பந்தய வீரர். அடுத்த மாதம் இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்தில் மகனுக்குப் போட்டி. "நேரில் போய்ப் பார்க்கலாமா, டாக்டர்?"

நாங்கள் விடை சொல்லும் முன் அவருடைய மனைவி முந்திக்கொண்டார். "கூடவே கூடாது. டென்ஷன் ஆகக் கூடாது என்று நீங்கள்தானே எழுதிக் கொடுத்தீர்கள்?"

டிஸ்சார்ஜ் சம்மரியை வாங்கிப் பார்த்தோம். உண்மைதான். கடைசிப் பக்கத்தின் கடைசி வரி: "மன அழுத்தம் தவிர்க்கவும்." அதன் கீழே எங்கள் கையொப்பம்.

அக்குடும்பத்தினரின் இசைவுடன், அடையாளம் தெரியாதவாறு, இந்நிகழ்வை இங்கே எழுதுகிறோம். எங்கள் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். அந்த ஒற்றை வரி மருத்துவ அறிவுரை ஆகாது. எப்படித் தவிர்ப்பது, எந்த அளவு ஆபத்து, எது ஆபத்தன்று என்று எதையும் சொல்லாமல், ஒரு மனிதரை வாழ்க்கையின் முக்கியமான நாள்களிலிருந்து விலக்கி வைக்கும் வரி அது. அதை எழுதுவதை நாங்கள் நிறுத்த வேண்டும். அதற்குப் பதிலாக எதை எழுத வேண்டும் என்பதைப் பந்தய வீரர்களின் இதயமே நமக்குக் கற்றுத் தருகிறது.

அசையாத உடல், விரையும் இதயம்

பந்தயத்தின் தொடக்கக் கோட்டில் நிற்கும் வீரரைக் கவனியுங்கள். வண்டி நகரவில்லை. கால் தரையில் ஊன்றியிருக்கிறது. கண்கள் சிவப்பு விளக்குகளின் மீது நிலைத்திருக்கின்றன. உடலளவில் அவர் செய்யும் வேலை, நாற்காலியில் அமர்ந்து நாளிதழ் படிப்பவரின் வேலையைவிடச் சற்றே கூடுதல். இதயமோ முன்னரே ஓடத் தொடங்கிவிட்டது.

இதை முதலில் கவனமாக அளந்தவர்களில் பிரிட்டனைச் சேர்ந்த பீட்டர் டாகர்ட்டும் அவருடைய சக மருத்துவர்களும் அடங்குவர். 1969-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் அவர்களுடைய ஆய்வு வெளியானது. கார்ப் பந்தய வீரர்களின் இசிஜியைப் பதிவுசெய்தபோது, பந்தயம் தொடங்குவதற்கு முன்பே துடிப்பு நிமிடத்துக்கு 150-ஐத் தாண்டியிருந்தது. மோட்டார் சைக்கிள் பந்தயத்திலும் இதே கதைதான். 2007, 2008 ஆண்டுகளில் வெளியான இத்தாலிய ஆய்வுகள், உண்மையான போட்டிகளின்போது ஆண் வீரர்களையும் பெண் வீரர்களையும் அளந்தன. பந்தய நேரத்தின் பெரும்பகுதியில் அவர்களுடைய துடிப்பு, தத்தம் உச்சத் துடிப்பின் 90 விழுக்காட்டுக்கும் மேலே இருந்தது. 25 வயது வீரருக்கு இது ஏறத்தாழ நிமிடத்துக்கு 175 துடிப்பு. மோட்டோஜிபி எனப்படும் உலகப் போட்டியில் ஒரு முழுப் பந்தயம் ஏறக்குறைய 40 முதல் 45 நிமிடம் நீள்கிறது.

இது எவ்வாறு நிகழ்கிறது? நமது இதயத்தின் வலது மேலறையில் சைனஸ் கணு என்ற சிறு திசு உள்ளது. துடிப்பின் வேகத்தை முடிவு செய்வது அதுவே. எந்த நரம்பின் கட்டளையும் இல்லாமல் தனித்து விடப்பட்டால், அது நிமிடத்துக்குச் சுமார் 100 முறை துடிக்கும். ஓய்வில் நமக்கு 70 துடிப்பு இருக்கக் காரணம், மூளையிலிருந்து இறங்கிவரும் வேகஸ் நரம்பு அதை இடைவிடாமல் அடக்கி வைத்திருப்பதே. மாற்று இதயம் பொருத்தப்பட்டவர்களிடம் இதை நேரில் காணலாம். அறுவையில் அந்நரம்பு துண்டிக்கப்படுவதால், ஓய்வு நேரத்திலும் அவர்களுடைய துடிப்பு 90-க்கும் 110-க்கும் இடையில் இருப்பது இயல்பு.

வண்டி ஓட்டுபவர்களுக்கு இது எளிதில் விளங்கும். ஓய்வில் நம் இதயம் பிரேக்கைப் பிடித்தபடியே ஓடுகிறது. அபாயமோ, போட்டியோ, எதிர்பார்ப்போ தோன்றியதும், மூளை முதலில் செய்வது பிரேக்கை விடுவதுதான். அதற்கு ஓரிரு துடிப்பு நேரம் போதும். அடுத்து ஆக்ஸிலரேட்டரைத் திருகுகிறது. சிம்பதெடிக் நரம்புகள் நேரடியாக இதயத்தைத் தூண்டுகின்றன. சிறுநீரகங்களின் மேல் தொப்பிபோல் அமர்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகள் அட்ரினலினைக் குருதியில் கலக்கின்றன. துடிப்பு உயர்கிறது, இரத்த அழுத்தம் கூடுகிறது, கல்லீரல் சர்க்கரையையும் கொழுப்புத் திசு கொழுப்பு அமிலங்களையும் வெளிவிடுகின்றன. வரவிருக்கும் வேலைக்கு உடல் முன்கூட்டியே செய்யும் ஏற்பாடு இது. இதற்கு நோய் என்று பெயரில்லை.

ஒரே எண், மூன்று காரணங்கள்

தொடக்கக் கோட்டில் உயர்ந்த துடிப்புக்குக் காரணம் மனம் மட்டுமே. வண்டி புறப்பட்ட பின் வேறு இரண்டு காரணங்கள் சேர்ந்துகொள்கின்றன.

ஒன்று, தசை. மோட்டோஜிபி வண்டியின் குறைந்தபட்ச எடை 157 கிலோ. மணிக்கு 300 கிலோமீட்டருக்கு மேலான வேகத்திலிருந்து சில வினாடிகளில் 100 அளவுக்கு அதைக் குறைத்து, வளைவில் சாய்த்து, மீண்டும் நிமிர்த்த வேண்டும். ஒவ்வொரு சுற்றிலும் பலமுறை இதைச் செய்ய வேண்டும். பிரேக் பிடிக்கும்போது முன்னே தள்ளப்படும் உடலைக் கைகளும் தொடைகளும் இறுக்கித் தாங்குகின்றன. இத்தகைய இறுக்கத்தில் தசை நீண்டு சுருங்குவதில்லை. ஒரே நிலையில் முறுக்கேறி நிற்கிறது. அப்போது தசைக்குள் இருக்கும் குருதிக் குழாய்கள் நசுங்குவதால், இரத்த அழுத்தமும் துடிப்பும் செய்யும் வேலைக்குப் பொருந்தாத அளவு உயர்கின்றன. மேடுபள்ளமான மண் தடத்தில் நடக்கும் மோட்டோகிராஸ் வீரர்களைப் பின்லாந்து ஆய்வாளர்கள் அளந்தபோது, துடிப்பு உச்சத்தை நெருங்கியிருக்க, உடல் செலவழித்த ஆக்சிஜன் அந்த விகிதத்துக்கு உயரவில்லை. அந்த இடைவெளியில்தான் மனப் பதற்றமும் தசை இறுக்கமும் ஒளிந்திருக்கின்றன.

அந்த இறுக்கத்தின் விளைவை 2021-இல் ஸ்பெயின் நாட்டு ஹெரெஸ் தடத்தில் உலகமே பார்த்தது. முன்னணியில் சென்றுகொண்டிருந்த பிரெஞ்சு வீரர் ஃபாபியோ குவார்த்தராரோ, வலது முன்கையின் தசை வீங்கி இறுகியதால் பிரேக்கைப் பிடிக்க வலுவிழந்து 13-ஆம் இடத்துக்குப் பின்தங்கினார். அதன்பின் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டு, அதே ஆண்டில் உலகப் பட்டத்தையும் வென்றார்.

மற்றொன்று, வெப்பம். 2023 செப்டம்பரில் கிரேட்டர் நொய்டாவின் புத்தா பன்னாட்டுத் தடத்தில் இந்தியாவின் முதல் மோட்டோஜிபி பந்தயம் நடந்தது. வெயிலின் கடுமை கருதி, பந்தயம் 24 சுற்றிலிருந்து 21 சுற்றாகக் குறைக்கப்பட்டது. அப்படியும் இரண்டாவதாக வந்த ஹோர்ஹே மார்ட்டின் பந்தயம் முடிந்ததும் நீரிழப்பால் நிலைகுலைந்து அமர்ந்துவிட்டார். வெப்பத்தைத் தணிக்க உடல் குருதியைத் தோலுக்குத் திருப்புகிறது. வியர்வையால் குருதியின் நீரளவு குறைகிறது. ஒவ்வொரு துடிப்பிலும் வெளியேறும் குருதி குறைவதால், அதை ஈடுகட்ட இதயம் கூடுதல் முறை துடிக்கிறது.

ஆக, ஒரே எண்ணுக்குப் பின்னே மூன்று வெவ்வேறு கதைகள் இருக்கலாம். நம் வீடுகளிலும் இவையே நிகழ்கின்றன. மகளின் தேர்வு முடிவுக்காகக் காத்திருக்கும்போது உயர்வது மனத்தின் கதை. குடிநீர்க் கேனை மூச்சைப் பிடித்துத் தூக்கும்போதும், மலச்சிக்கலில் முக்கும்போதும் உயர்வது தசை இறுக்கத்தின் கதை. அரை மணி நேரம் நடந்தால் களைக்காத நோயாளர், ஒரு நிமிடம் கேனைத் தூக்கி மூச்சிரைப்பது இதனால்தான். சித்திரை வெயிலில் பேருந்து நிறுத்தத்தில் நிற்கும்போது உயர்வது வெப்பத்தின் கதை. நீர் பிரியும் மாத்திரை உட்கொள்பவர்களுக்கு இது இன்னும் விரைவில் நேரும். கைக்கடிகாரம் எண்ணை மட்டுமே காட்டும். எந்தக் கதை என்பதைச் சொல்ல வேண்டியவர் நோயாளர். அதைக் கேட்க வேண்டியவர்கள் நாங்கள்.

அச்சம் பொய்யன்று

இவ்வளவு சொன்ன பின், அந்த மனைவியின் அச்சம் அறியாமை என்று எவரேனும் கருதினால் அது தவறு.

இதயத் தசைக்குக் குருதி பெரும்பாலும் அது ஓய்ந்திருக்கும் இடைவெளியில்தான் பாய்கிறது. நிமிடத்துக்கு 60 துடிப்பு என்றால், ஒரு சுற்றுக்கு 1 வினாடி. அதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு ஓய்வு. 150 துடிப்பு என்றால் ஒரு சுற்றுக்கு 0.4 வினாடியே உண்டு. அதில் ஓய்வுக்குக் கிடைப்பது பாதிக்கும் குறைவு. வேலை கூடுகிறது, உணவு பெறும் நேரம் சுருங்குகிறது. தமனிகள் திறந்திருக்கும் 25 வயது வீரரின் இதயம் இதைத் தாங்கும். கொழுப்புப் படிவால் குறுகிய தமனி உள்ளவருக்கு அந்த வேளையில் இதயத் தசைக்கு இரத்தக் குறை ஏற்படலாம். அழுத்தம் திடீரென உயர்வதால் படிவு கிழியவும், அங்கே குருதி உறையவும் வாய்ப்புண்டு.

மேலே சொன்ன 1969-ஆம் ஆண்டு ஆய்வின் மற்றொரு பகுதி பந்தயத்தைப் பற்றியதன்று. அதே மருத்துவர்கள் இதயத் தமனி நோய் உள்ளவர்களைச் சாதாரணமான, தமக்குப் பழகிய போக்குவரத்து நெரிசலில் கார் ஓட்டச் செய்து இசிஜி எடுத்தனர். சிலருக்கு இரத்தக் குறையைக் காட்டும் மாற்றங்கள் தோன்றின. 2006 உலகக் கோப்பைக் கால்பந்தின்போது மியூனிக் பகுதியில் செய்யப்பட்ட ஆய்வில், ஜெர்மனி அணி ஆடிய நாள்களில் இதய அவசர நிகழ்வுகள் மற்ற நாள்களைக் காட்டிலும் 2.66 மடங்காக இருந்தன. ஏற்கெனவே தமனி நோய் உள்ளவர்களுக்கு ஆபத்து இன்னும் கூடுதல். அவர்கள் பந்தை உதைத்தவர்கள் அல்லர். பார்த்துக்கொண்டிருந்தவர்கள்.

எனவே பார்ப்பவருடைய இதயமும் பந்தயத்தில் இருக்கிறது. மகன் வளைவில் சாயும்போது தந்தையின் அட்ரினலினும் சுரக்கிறது. மனைவி அஞ்சியது சரியே. அந்த அச்சத்துக்கு நாங்கள் கொடுத்திருந்த விடைதான் தவறு.

உயர்வதைவிட, மீள்வதே முக்கியம்

பந்தய வீரரிடம் எந்தப் பயிற்சியாளரும் "பதற்றப்படாதே" என்று சொல்லி அனுப்புவதில்லை. சொன்னால் குறையாது என்பது அவர்களுக்குத் தெரியும். மாறாக, அவரை ஆயத்தப்படுத்துகிறார்கள். ஆண்டு முழுவதும் ஓட்டமும் மிதிவண்டிப் பயிற்சியும் கொடுத்து, அதே வேலையைக் குறைந்த துடிப்பில் செய்ய இதயத்தைப் பழக்குகிறார்கள். தடத்தின் ஒவ்வொரு வளைவையும் முன்கூட்டியே அறியச் செய்கிறார்கள். தெரியாத வளைவுதான் மிகுந்த அச்சம் தரும். கைப்பிடியைத் தேவைக்கு மேல் இறுக்காமல், மூச்சை அடக்காமல் ஓட்டக் கற்பிக்கிறார்கள். பந்தயம் முடிந்தபின் நீரும் ஓய்வும் கொடுக்கிறார்கள்.

வீரரின் துடிப்பு எவ்வளவு உயர்ந்தது என்பதைவிட, கொடி அசைந்தபின் எவ்வளவு விரைவாக இறங்குகிறது என்பதே அவருடைய உடல் தகுதிக்குச் சான்று. இது நோயாளர்களுக்கும் பொருந்தும். 1999-இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வந்த ஆய்வொன்று, டிரெட்மில் பரிசோதனை முடிந்த முதல் நிமிடத்தில் துடிப்பு 12 அல்லது அதற்கும் குறைவாகவே இறங்கியவர்களுக்குப் பிற்காலத்தில் உயிரிழப்பு அதிகம் எனக் காட்டியது. வேகஸ் நரம்பின் பிரேக் எவ்வளவு நன்றாகப் பிடிக்கிறது என்பதன் அளவுகோல் அது. நாள்தோறும் நடப்பது அந்தப் பிரேக்கை வலுப்படுத்தும் பயிற்சியே.

இதில் நம் வாழ்க்கைக்கும் பந்தயத்துக்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. வீரருடைய பதற்றத்துக்கு ஒரு முடிவுக் கோடு இருக்கிறது. 45 நிமிடத்தில் அது தீர்ந்துவிடும். மருத்துவக் கடன், காப்பீட்டு ஒப்புதலுக்கான காத்திருப்பு, வேலைக்குத் திரும்ப முடியுமா என்ற கவலை ஆகியவற்றுக்கு அத்தகைய கோடு இல்லை. ஒரு பந்தயத்தை நேரில் பார்க்கும் ஒரு மணி நேரத்தைக் கண்டு அஞ்சும் நாம், ஆண்டுக்கணக்கில் இறங்காத இந்தப் பதற்றத்தைப் பொருட்படுத்துவதில்லை. தூக்கம் கெடுவது, பசி குன்றுவது, எதிலும் நாட்டம் இல்லாமை ஆகியவற்றை எங்களிடம் சொல்லுங்கள். நெஞ்சு வலியைப் போலவே அவையும் நாங்கள் கேட்க வேண்டிய அறிகுறிகள்.

மாத்திரையும் கைக்கடிகாரமும்

மாரடைப்புக்குப் பின் பலருக்கு மெட்டோபிரோலால், பிசோபிரோலால் போன்ற பீட்டா பிளாக்கர் மாத்திரைகள் தருகிறோம். அட்ரினலின் இதயத்தில் வந்து அமரும் இருக்கைகளை இவை முன்பே நிரப்பிவிடுகின்றன. 1970-களின் தொடக்கத்தில் டாகர்ட் குழுவினர் இவ்வகை மருந்தைப் பந்தய வீரர்களுக்கும் மேடைப் பேச்சாளர்களுக்கும் கொடுத்துப் பார்த்தனர். துடிப்பின் உயர்வு பெருமளவு அடங்கியது. இதே காரணத்தால்தான், கை நடுங்காமல் குறி பார்க்க வேண்டிய துப்பாக்கி சுடுதலிலும் வில்வித்தையிலும் இம்மருந்துகள் தடை செய்யப்பட்டுள்ளன. போட்டியாளருக்கு முறைகேடாக விளங்குவது, நம் நோயாளருக்குக் கவசமாகிறது.

ஆனால் இதைப் பற்றி நாங்கள் போதிய அளவு விளக்குவதில்லை. கைக்கடிகாரத்தில் 56 எனக் கண்டு அஞ்சி, தாமாகவே மாத்திரையை நிறுத்தியவர்களை நாங்கள் பார்த்திருக்கிறோம். மயக்கமோ தலைச்சுற்றலோ இல்லாதவரை, இம்மருந்து உட்கொள்பவருக்கு ஓய்வில் 55 முதல் 60 வரையிலான துடிப்பு பெரும்பாலும் நாங்கள் விரும்பும் அளவுதான். திடீரென நிறுத்தினால், அதுவரை அடக்கப்பட்டிருந்த அட்ரினலின் முழு வேகத்தில் இதயத்தைத் தாக்கும். நெஞ்சு வலியோ மாரடைப்போகூட நேரலாம். ஐயம் இருந்தால் கேளுங்கள். நிறுத்தாதீர்கள்.

220-இலிருந்து வயதைக் கழித்து வரும் எண்ணை இலக்காக வைத்து நடப்பவர்களும் உண்டு. பீட்டா பிளாக்கர் உட்கொள்பவருக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. நடக்கும்போது பக்கத்தில் வருபவரோடு முழு வாக்கியமாகப் பேச முடிந்தால், அந்த வேகம் உங்களுக்கு ஏற்றது. பேச்சு துண்டு துண்டாகத் தடைபட்டால் வேகத்தைக் குறையுங்கள். எந்தக் கருவியும் இல்லாமல் செய்யக்கூடிய சோதனை இது.

நாங்கள் கொடுத்த விடை

அந்தத் தந்தைக்கு அன்று நாங்கள் "போகலாம்" என்றும் சொல்லவில்லை, "கூடாது" என்றும் சொல்லவில்லை. எக்கோ பரிசோதனையில் இதயத்தின் இயக்கம் நன்றாக இருந்தது. அடுத்த வாரம் மருந்துகளை நிறுத்தாமலேயே டிரெட்மில் பரிசோதனை செய்தோம். துடிப்பு 126 வரை உயர்ந்தது. நெஞ்சு வலி இல்லை. இசிஜியில் மாற்றம் இல்லை. நின்ற முதல் நிமிடத்தில் 20 துடிப்பு இறங்கியது. மனப் பதற்றத்தால் வரும் இரத்தக் குறை, சிலருக்கு உடற்பயிற்சியின்போது வருவதைவிடக் குறைந்த துடிப்பிலேயே தோன்றலாம். எனவே இந்தப் பரிசோதனை முழு உறுதி அன்று. ஆயினும் அச்சத்துக்கும் நம்பிக்கைக்கும் நடுவே நின்று முடிவெடுக்க அது போதிய ஆதாரம் தந்தது.

அதன்பின் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தோம். காலை மாத்திரைகளை வழக்கம்போல் உட்கொள்ள வேண்டும். வயிறு நிறைய உண்டுவிட்டுப் போகக் கூடாது. நிழலில் அமர வேண்டும். தண்ணீரை, அவருக்குச் சொல்லப்பட்ட அளவுக்குள், சிறிது சிறிதாக அருந்த வேண்டும். தனியே போகக் கூடாது. நாக்கின் அடியில் வைக்கும் மாத்திரை சட்டைப் பையில் இருக்க வேண்டும். நெஞ்சில் அழுத்தமோ, தாடைக்கோ இடது கைக்கோ பரவும் வலியோ, திடீர் வியர்வையோ தோன்றினால், அமர்ந்துகொண்டு அம்மாத்திரையை வைக்க வேண்டும். 5 நிமிடத்தில் தணியாவிட்டால் 108-ஐ அழைக்க வேண்டும், மகனின் பந்தயம் முடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. துடிப்பு விரைவதை மட்டும் உணர்ந்தால், மூச்சை மெதுவாக இழுத்து, இழுத்ததைவிட நீண்ட நேரம் வெளிவிட வேண்டும். மூச்சு வெளியேறும் வேளையில் வேகஸ் நரம்பின் பிடி கூடும்.

இந்த அனுமதி எல்லோருக்கும் உரியதன்று. மாரடைப்பு ஏற்பட்டுச் சில வாரங்களே ஆனவர்கள், நடக்கும்போது நெஞ்சு வலி வருபவர்கள், இதயச் செயலிழப்பு கட்டுக்குள் வராதவர்கள், ஆபத்தான துடிப்புக் கோளாறு உள்ளவர்கள் ஆகியோருக்கு எங்கள் விடை வேறாக இருந்திருக்கும். ஒவ்வொருவருக்கும் தனித்தனியே விடை காண வேண்டும் என்பதே எங்கள் வாதம்.

அவர் போனார். மகன் பரிசு எதையும் பெறவில்லை, பத்திரமாக வண்டியை விட்டு இறங்கினார். விளக்கு அணையும் வேளையில் தம் கடிகாரம் 112 காட்டியதாகவும், அதன்பின் அதைப் பார்க்கவே மறந்துவிட்டதாகவும் அடுத்த முறை வந்தபோது தந்தை சொன்னார்.

அன்று நாங்கள் கற்றது வேறொன்று. கணவரின் கோப்பையும் மாத்திரைப் பையையும் கையில் வைத்துக்கொண்டு அருகில் நின்ற மனைவியிடம், "உங்கள் இரத்த அழுத்தத்தைக் கடைசியாக எப்போது பார்த்தீர்கள்?" என்று கேட்டோம். அவர் நினைவுகூர முயன்று, முடியாமல் சிரித்தார். அளந்தபோது 168/102. இருமுறை அமரவைத்து அளந்தும், ஒரு வாரம் கழித்து அளந்தும் அது பெரிதாகக் குறையவில்லை. மூன்று மாதங்களாக இரவில் இருமுறை எழுந்து, கணவர் மூச்சு விடுகிறாரா என்று பார்த்துவிட்டுப் படுப்பதாக அப்போதுதான் சொன்னார்.

துணையாக வருபவர்களின் பந்தயத்தில் கொடி அசைக்க யாரும் இல்லை. தீவிரச் சிகிச்சைப் பிரிவின் வாயிலில், மணிக்கணக்கில் கதவைப் பார்த்தபடி அமர்ந்திருப்பவரின் இதயம், தொடக்கக் கோட்டில் நிற்கும் வீரரின் இதயத்தைப் போன்றதே. உடல் அசையவில்லை, இதயம் ஓடிக்கொண்டிருக்கிறது. கடும் துயரோ அதிர்ச்சியோ இதயத் தசையையே தற்காலிகமாகச் செயலிழக்கச் செய்யும் ஒரு நிலையும் உண்டு. 1990-இல் ஜப்பானிய மருத்துவர்கள் அதற்கு டகோட்சுபோ எனப் பெயரிட்டனர். மாதவிடாய் நின்ற பெண்களிடமே இது மிகுதியாகக் காணப்படுகிறது. பெரும்பாலோர் சில வாரங்களில் குணமடைகின்றனர், எனினும் தொடக்கத்தில் அது மாரடைப்பைப் போலவே தோன்றும். எனவே நோயாளருடன் வந்தவருக்கு நெஞ்சு வலி என்றால், "கவலையால்தான்" என்று ஒதுக்காமல் உடனே இசிஜி எடுக்க வேண்டும்.

எங்கள் துறையில் இப்போது இரண்டு மாற்றங்களைக் கடைப்பிடிக்க முயல்கிறோம். டிஸ்சார்ஜ் சம்மரியில் "மன அழுத்தம் தவிர்க்கவும்" என்ற வரியை விலக்கி, இவர் எவற்றையெல்லாம் செய்யலாம், எப்போதிலிருந்து செய்யலாம் என்பதை எழுதுகிறோம். நடை, படி ஏறுதல், வாகனம் ஓட்டுதல், தாம்பத்திய உறவு, வேலைக்குத் திரும்புதல், பயணம், திருவிழா, பந்தயம் என்று எதைப் பற்றிய ஐயமானாலும் வெட்கமின்றிக் கேளுங்கள். நாங்கள் எழுத மறந்தால் நினைவூட்டுங்கள். இரண்டாவதாக, மறு பரிசோதனைக்கு வரும்போது துணையாக வருபவரின் இரத்த அழுத்தத்தையும் அளக்கிறோம். அதற்குத் தனிச் சீட்டு தேவையில்லை. கேட்டாலே போதும்.

அந்த அம்மையார் இப்போது மாத்திரை உட்கொள்கிறார். சென்ற மாதம் அவருடைய அழுத்தம் 134/84. அடுத்த பந்தயத்துக்குத் தாமும் போகலாமா என்று அன்று அவர் கேட்டார். கணவருக்கு எழுதிக் கொடுத்ததைப் போன்ற ஒரு தாளை அவருக்கும் எழுதிக் கொடுத்தோம்.